முற்றத்துச் சிக்கன அடுப்பு

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் பேசப்போகிறார் என்றால் தவணை, வட்டி, நிலுவை ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் இருக்கும் என்று எண்ணிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்கள் தைரியமாக முன்னால் வரலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் அடுப்பு. இதற்குக் கடன் மனு வேண்டியதில்லை. ஜாமீன் கையெழுத்தும் வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எரிவாயு அடுப்பு வந்துவிட்ட காலத்தில் விறகடுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த உஜ்வலா திட்டத்தினால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கும் எரிவாயு இணைப்புக் கிடைத்தது உண்மையே. அந்த வசதி உள்ளவர்கள் உள்ளே சமைப்பதற்கு அதையே உபயோகிக்க வேண்டுமென்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் நெல் அவிக்க, குளிக்க வெந்நீர் காய்ச்ச, அறுப்புக்கு வந்த ஆட்களுக்குச் சோறு வடிக்க எந்த வீட்டில் சிலிண்டரைத் திறக்கிறார்கள்? முற்றத்திலோ கொல்லையிலோ மூன்று கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டுவதுதான் வழக்கம். மாசக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்து மறு சிலிண்டருக்குப் பணமில்லாத வீட்டிலும் அந்த மூன்று கல்தான் கதி. ஆகையால் விறகடுப்பு நம்மை விட்டு இன்னும் போகவில்லை. போகாத ஒன்றைச் செப்பனிட்டுக்கொள்வதே விவேகம்.

மூன்று கல் அடுப்பில் நடப்பது என்னவென்று முதலில் கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது என் தொழில்; மன்னிக்க வேண்டும்.

ஒரு கிலோ தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய சூட்டை ஒரு கிலோகலோரி என்று சொல்லுகிறார்கள். நம் ஊர்த் தண்ணீர் சாதாரணமாக 25 டிகிரியில் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 375 கிலோகலோரி போதும். வெயிலில் நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோகலோரி வரையில் அடங்கியிருக்கிறது. அதாவது விறகின் சூடு முழுவதும் பானைக்கே போய்ச் சேருமானால், 5 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் விறகு போதும். ஆனால் நம் வீட்டு ஸ்திரீகள் அதற்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் எரிக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு சூடு பானைக்கு. மிகுதி ஒன்பது பங்கும் காற்றுக்கும், கல்லுக்கும், தரைக்கும், சமைப்பவருடைய முகத்துக்கும்! ஒரு சங்கத்தில் பத்து ரூபாய் வசூலித்து ஒரு ரூபாயை மட்டும் கணக்கில் வரவு வைத்தால் நீங்கள் அந்தக் காரியதரிசியைச் சும்மா விடுவீர்களா?

விரயமாகும் அந்த ஒன்பது பங்கும் ஒரே வழியில் போவதில்லை. இரண்டு வழிகள் முக்கியமானவை. முதலாவது, விறகு சூடேறும்போது அதிலிருந்து ஒருவித ஆவி கிளம்புகிறது. அந்த ஆவிதான் தீப்பற்றிச் சுவாலையாக எரிகிறது. அடுப்பில் காற்று சரியாகக் கலக்காமலோ, போதிய உஷ்ணமில்லாமலோ இருந்தால் அந்த ஆவி எரியாமலே வெளியே வந்துவிடும். அதற்குத்தான் புகை என்று பெயர். எனவே புகை என்பது வேறொன்றுமல்ல, எரியாத விறகே. காசு கொடுத்து வாங்கிய அல்லது காட்டிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த விறகு, கண்ணெதிரே ஆகாயத்துக்குப் போகிறது. இரண்டாவது வழி, எரிந்து உண்டான சூடும் பானையைத் தொடாமல் பக்கவாட்டில் சிதறிவிடுவது. காற்றடிக்கும் நாளில் முற்றத்து அடுப்பில் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

விறகு நஷ்டத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வீடுகளில் எரிக்கும் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள். அடுப்பருகே அதிக நேரம் இருப்பவர் தாய்; தாயின் இடுப்பில் இருப்பது குழந்தை. நெஞ்சுச் சளியும் இருமலும் முதலில் வருவது அவர்களுக்கே. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி, புகையை மூச்சோடு உள்ளே இழுத்து, கண்ணைப் புடைவைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளும் வேலையை ஆண்பிள்ளைகள் செய்வதாயிருந்தால் இந்தச் சீர்திருத்தம் எப்பொழுதோ நடந்தேறியிருக்குமென்பது என் அந்தரங்க அபிப்பிராயம்.

இதைப் பற்றி யோசித்த பெரியோர்கள் நம் தேசத்திலேயே உண்டு. மகாத்மா காந்தி 1934-ல் ஸ்தாபித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், தமிழராகிய ஜே. சி. குமரப்பாவின் நிர்வாகத்தில் வார்தாவிலுள்ள மகன்வாடியில் நடைபெற்றது. புகைபோக்கியுடன் கூடிய ‘மகன் சூலா’ என்ற மண்ணடுப்பு அந்த இடத்தின் பெயரையே தாங்கியது. பிறகு ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற எஞ்சினீயர் புகையில்லாச் சமையலறையைப் பற்றி 1953-ல் ஒரு புஸ்தகமே வெளியிட்டார். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தோன்றிய ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, சிக்கன அடுப்பு ஒன்றை ஆராய்ந்து அமைத்துக் கொடுத்தது. மத்திய சர்க்காரும் 1980-களில் தேசிய அடுப்புத் திட்டமொன்றைத் துவக்கி, கோடிக்கணக்கான அடுப்புகளை மானியத்தில் கட்டிக்கொடுத்து, 2002-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அடுப்புகள் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். பல வீடுகளில் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. கட்டியவர் வெளியூரார், இலக்கு எண்ணிக்கை, கட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டிலுள்ள சட்டிக்கும் அடுப்பு வாய்க்கும் பொருத்தமில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தபோது துடைக்கவேண்டுமென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெடிப்பு விட்டதும் வீட்டுக்காரி அதை இடித்துத் தள்ளிவிட்டுப் பழைய குமிழ் அடுப்பையே போட்டுக்கொண்டாள். அவள்மேல் குற்றமில்லை. தன் கையால் போட்ட அடுப்பானால், வெடிப்பு விட்ட அன்றே ஒரு பிடி மண்ணைக் குழைத்து அடைத்திருப்பாள். ஆகையால் மானியத்தை எதிர்பார்த்து இந்தக் காரியத்தில் இறங்க வேண்டாமென்று இலாகாவில் இருந்துகொண்டே சொல்லுகிறேன்.

இனி அடுப்பைக் கட்டும் முறை. 1982 முதற்கொண்டு அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்து அப்ரோவெச்சோ ஆராய்ச்சி நிலையத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்த அமைப்பு இது. ராக்கெட் அடுப்பு என்று பெயர். பெயர்தான் பெரிது, சாமான்கள் நம் வீட்டு மூலையில் கிடப்பவை. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, ஐந்தங்குலக் கனமுள்ள வாழைமரத் துண்டு இரண்டு, புற்றுமண் அல்லது ஏரிக் களிமண், உமி, கொஞ்சம் சாணம், வீடு கட்டி மிஞ்சிய இரும்புக் கம்பித் துண்டு மூன்று, சில செங்கல். இவ்வளவே.

டின்னின் மேல்மூடியை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டிய விளிம்பை உட்புறமாக மடித்துத் தட்டிவிடாவிட்டால் கையைக் கிழித்துவிடும். ஒரு பக்கத்தில், அடியிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு, ஐந்தங்குல அகலத்தில் வட்டமாக ஒரு வாய் வெட்டுங்கள். மற்றப் பக்கங்களில் ஆணியால் இருபது முப்பது ஓட்டைகள் குத்த வேண்டும். இதை வீண்வேலை என்று விட்டுவிடலாகாது. உள்ளே போடும் ஈரமண் காய்வதற்கு அந்த ஓட்டைகள்தான் வழி.

மண்ணைச் சலித்து, கல்லும் வேரும் நீக்கி, ஒரு கூடை மண்ணுக்கு ஒரு கூடை உமி என்ற அளவில் கலந்து, கொஞ்சம் சாணமும் சேர்த்து, தண்ணீரை மட்டாக விட்டு மிதித்துப் பிசைந்து ஓரிரவு புளிக்க விடுங்கள். உமி எதற்கென்றால், வெறும் மண்ணும் செங்கல்லும் சூட்டைத் தாமே குடித்துவிடும். கனத்த மண்சுவர் அடுப்பு சூட்டைக் காக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது காப்பது உண்மை. ஆனால் பானைக்காகக் காப்பதில்லை, தனக்காக வைத்துக்கொள்கிறது. கஞ்சி வடித்த பிறகும் அடுப்பு ஒரு மணி நேரம் சுடுகிறதென்றால் அவ்வளவும் நம் விறகு. உமி கலந்த மண்ணில் நெருப்புப்பட்டதும் உமி எரிந்து, சிறுசிறு பொத்தல்கள் விழுந்து, அவற்றில் காற்று நிற்கும். காற்று நிற்கும் பொருள் சூட்டை எளிதில் கடத்தாது; கம்பளி குளிரைத் தடுப்பது போலத்தான்.

டின்னின் அடியில் இந்த மண்ணை ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி இடித்துச் சமப்படுத்துங்கள். அதன்மேல் நட்டநடுவில் ஒரு வாழைத்துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, மற்றத் துண்டை வாயின் வழியே படுக்கையாகச் செலுத்தி, நிற்கும் துண்டின்மேல் முட்டும்படி வைக்க வேண்டும். இரண்டுக்கும் மேலே சாம்பலைப் பூசிக்கொண்டால் மண் ஒட்டாது. பிறகு நாலு பக்கமும் மண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டு, ஒரு தடியால் இடித்து, டின்னின் விளிம்பு வரையில் நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் இருந்து மண் இறுகியபின், வாழைத்துண்டுகளைத் திருகி மெதுவாக உருவினால் வந்துவிடும். வராவிட்டால் கத்தியால் துண்டு துண்டாக எடுக்கலாம். உள்ளே தமிழ் எழுத்து ‘ட’வைப் போல, படுக்கையாக ஒரு குகையும் அதிலிருந்து நிமிர்ந்த ஒரு குழாயும் அமைந்திருக்கும். நிமிர்ந்த குழாயின் உயரம் சுமார் பன்னிரண்டரை அங்குலம், அதாவது அகலத்தைப்போல் இரண்டரைப் பங்கு. சுவாலை அந்தக் குழாய்க்குள்ளேயே உருண்டு புரண்டு காற்றோடு கலந்து எரிந்து தீரவேண்டும் என்பதற்காகவே இந்த உயரம். அது குறைந்தால், எரிந்து முடியாத சுவாலை குளிர்ந்த பானையடியில் மோதி அணைந்து கரியாகப் படியும்.

வாயருகே, குகைத்தரையிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் கம்பித் துண்டுகள் மூன்றையும் பக்கம் பக்கமாகப் பதியுங்கள். அவை வெளியே ஒரு சாண் நீண்டு, ஒரு செங்கல்லின்மேல் தங்கியிருக்க வேண்டும். விறகு கம்பிக்கு மேலே. காற்று கம்பிக்குக் கீழே. இந்தத் தட்டு இல்லாவிட்டால் விறகே காற்றின் வழியை அடைத்துக்கொள்ளும். அடுப்பில் ஊதுகுழலுக்கு வேலையில்லாமற் செய்வது இந்தச் சின்னக் கம்பிகள்தான்.

பானை உட்காரும் குமிழ் மூன்றையும் ஒன்றேகால் அங்குல உயரத்துக்கு வைக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதன் காரணத்தைத் தண்ணீர் பாய்ச்சும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாய்க்கால் ஓரிடத்தில் குறுகினால் தண்ணீர் தேங்கி மேலே வழியும். ஓரிடத்தில் அகன்றால் வேகம் செத்துப்போகும். அடுப்பிலும் வாயில் எவ்வளவு வழி உண்டோ, குழாயிலும், பானைக்கடியிலும், பானையின் பக்கத்திலும் அவ்வளவு வழியே இருக்க வேண்டும். ஐந்தங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய இருபது சதுர அங்குலம். அந்த வட்டத்தின் சுற்றளவு பதினைந்தே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இருபதைப் பதினைந்தே முக்காலால் வகுத்தால் வருவதே அந்த ஒன்றேகால்.

பானையைச் சுற்றித் தகரத்தில் ஒரு சட்டை போடுவதும் இதே கணக்குத்தான். பத்தங்குல அகலமுள்ள பாத்திரத்துக்குச் சுற்றளவு சுமார் முப்பத்தொன்றரை அங்குலம். ஆகவே தகரத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி, சுண்டுவிரல் நுழையும் அளவு, இருக்க வேண்டும். இன்னொரு டின்னை வெட்டி விரித்தால் சட்டைக்கு வேண்டிய தகரம் கிடைக்கும். பாத்திரத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்கு அது நின்றால் போதும். அடியைத் தொட்டுவிட்டுத் தப்பியோடும் சூட்டைப் பக்கங்களிலும் தடவிப் போகச் செய்வது இச்சட்டை. பலர் அடுப்பைக் கட்டிவிட்டு இதைப் போடாமல் விடுகிறார்கள். விறகு மிச்சமாவதில் பெரும்பங்கு இதனாலேயே என்பதைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பாத்திரத்துக்குச் சட்டை போடுவதென்று வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டுவிட்டு அளவெடுங்கள். புருஷர்கள் உத்தேசமாகச் சொல்லும் பாத்திரம் பெரும்பாலும் பரணில் இருக்கும்.

டின்னைச் சுற்றி, வாய்க்கு மட்டும் வழி விட்டு, செங்கல்லை விளிம்பு மட்டம் வரையில் அடுக்கி மண் பூசி வைத்தால், தகரச் சட்டை உட்கார மேலே இடம் கிடைக்கும், அடுப்பு சாயாது, ஓடி விளையாடும் குழந்தையின் கை சுட்ட தகரத்தில் படாது. இந்த மூன்றாவது காரணத்துக்காகவே செங்கல்லை நான் வற்புறுத்துகிறேன்.

காய்வதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். வெடித்த இடத்தை அதே மண்ணின் குழம்பால் அடைத்து, முதல் சில நாள் சுள்ளியை மட்டும் வைத்து அரைமணி நேரம் எரித்துப் பழக்கிவிட்டு, அதன் பிறகு பானை ஏற்றுங்கள்.

எரிப்பதிலும் பழக்கம் மாற வேண்டும். கட்டைவிரல் கனத்துக்குப் பிளந்த விறகே இதற்கு ஏற்றது. சீமைக் கருவேலம், பருத்திமார், தென்னை மட்டைக் காம்பு எதுவானாலும் சரி. நாலைந்து குச்சிகளின் நுனி மட்டும் உள்ளே எரிய, எரிந்த அளவுக்குத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். தீயைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு குச்சியை வெளியே இழுத்தால் போதும். ஈர விறகைக் கண்டிப்பாக விலக்குங்கள். பாதி எடை தண்ணீராயுள்ள ஒரு கிலோ பச்சை விறகில் அரைக் கிலோ தண்ணீர் இருக்கிறது. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக ஓட்டுவதற்கு மாத்திரம் 300 கிலோகலோரிக்கு மேல் செலவு. இருக்கிற கொஞ்ச விறகிலும் அது நாலு லிட்டர் வெந்நீரைத் திருடிக்கொள்கிறது. அரளிக் குச்சியை அடுப்பில் வைக்கலாகாது. அதன் புகை விஷம். பிளாஸ்டிக் பையும் சாயம் பூசிய பலகையும் அப்படியே. சாம்பலைத் தினம் வாரிவிடுங்கள். தட்டுக்கடியில் தேங்கினால் காற்று நின்றுபோகும்.

இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. புகை குறையுமேயன்றி அடியோடு அற்றுப்போகாது. கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் வரும். ஆகையால் கதவடைத்த அறையில் இதை ஒருபோதும் வைக்க வேண்டாம். கீற்றுக் கூரையை ஒட்டியும் வைக்க வேண்டாம். குழாயிலிருந்து தீ நேரே மேல்நோக்கி எழும்பும். மழைக்காலத்தில் ஒரு பழைய தாம்பாளத்தை மேலே கவிழ்த்துவிட்டால் மண் கரையாது.

பனைத்தொழில் செய்யும் அங்கத்தினர் சிலரும் வந்திருக்கிறீர்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு லிட்டர் பதநீரைச் சுண்டக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. ஏழு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டிய சூடு 4,000 கிலோகலோரிக்கு மேல். பத்தில் ஒரு பங்கு மட்டும் பயன்படும் அடுப்பானால் ஒரு கிலோ கருப்பட்டிக்குப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட விறகு! லாபம் எங்கே போகிறதென்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் உங்கள் அகன்ற தாச்சிக்கு இந்தச் சின்ன டின் போதாது. தத்துவம் ஒன்றேயாயினும் அளவுகள் வேறு. அதைத் தனியே வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது என்ன? கடன் கொடுப்பதல்ல. தகரம் வெட்டும் கத்தரி ஒன்றும் சல்லடை ஒன்றும் சங்கத்தில் பொதுவாக இருக்கட்டும். அரிசி ஆலையில் உமியை மொத்தமாகப் பேசி எடுத்தால் ஆளுக்கொரு மூட்டை மலிவாக வரும். உரம் நிறுக்கும் தராசு இங்கேயே இருக்கிறது. அடுப்புப் போட்ட ஒவ்வொரு வீட்டிலும், போடுவதற்கு முன் ஒரு வாரமும் போட்டபின் ஒரு வாரமும், காலையில் நிறுத்துக் கொடுத்த விறகிலிருந்து மாலையில் மீந்ததைக் கழித்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். இரண்டு வாரமும் சமையலும் ஆள்கணக்கும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சமாயிற்றா, பாதி மிச்சமாயிற்றா, ஒன்றுமே ஆகவில்லையா என்பதை என் வாய்ச்சொல்லை நம்பி ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஒன்றுமே மிச்சமாகவில்லையென்று நோட்டு சொன்னால் குமிழின் உயரத்தையும் சட்டையின் இடைவெளியையும் முதலில் அளந்து பாருங்கள். அநேகமாகக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது ரொக்கப் புஸ்தகத்துக்குப் பிறகு அந்த நோட்டைத்தான் கேட்பேன். இப்பொழுது சங்கக் கட்டடத்தின் பின்புறம் டின் இரண்டும் வாழைத்துண்டுகளும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மண்ணும் நேற்று மாலையே மிதித்துப் புளிக்கவிட்டாயிற்று. தாய்மார்கள் முன்னால் வந்து ஒன்றைத் தங்கள் கையாலேயே நிரப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.